வாடகை பேச நான்கு வழிகள்: பினாங்குக் கடைவீட்டுக்காரரிடம் எது எடுபடும்?

ஜார்ஜ் டவுனின் லெபோ பாசாரிலோ லெபோ குவீனிலோ கடை நடத்துபவருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்தே தீரும் விவகாரம் இது. ஒப்பந்தம் முடிய நாலைந்து மாதம் இருக்கும்போது உரிமையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: “அடுத்த தவணைக்கு 6,500.” இப்போது கட்டுவது 4,800 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,700 கூடுதல். 36 மாதத்துக்கு 61,200. பேசி இறக்கும் ஒவ்வொரு 100 வெள்ளியும் மூன்று வருடத்தில் 3,600 வெள்ளி. முன்பணமும் சேர்ந்து ஏறும். வழக்கப்படி இரண்டு மாத வாடகையும் தண்ணீர், மின்சாரத்துக்கு ஒரு மாதமும் என்றால், வாடகை 1,000 கூடினால் கையிலிருந்து இன்னொரு 3,000 எடுத்துவைக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சுக்கே அவ்வளவாக இடமில்லை. 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது; ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் ஏராளமாக அதற்குள் அடங்கின. 1999 டிசம்பரோடு அந்தப் பிடி விட்டது. 2008 ஜூலையில் நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்று வாடகை என்பது இரண்டு பேர் உட்கார்ந்து பேசி முடிவதுதான்.

பேச நான்கு வழிகள் உண்டு. எண்ணை நாமே முதலில் சொல்லலாம். பெரிதாகக் கேட்டு இறங்கி வரலாம். ஏதாவது செய்து கொடுத்துவிட்டுப் பிறகு கேட்கலாம். நடுவில் ஆள் வைக்கலாம். நான்குமே பலிக்கும், ஆனால் எல்லாரிடமும் அல்ல. பேசுபவரின் வாய்ச்சாமர்த்தியத்தைவிட, எதிரே இருப்பவர் வாங்கியதையும் கொடுத்ததையும் எப்படிக் கணக்கு வைக்கிறார் என்பதுதான் இங்கே தீர்மானிக்கிறது. நீங்கள் விட்டுக்கொடுத்தது அவர் நோட்டில் ஏறவில்லை என்றால் நீங்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

முதலில் அவருடைய நோட்டைப் பாருங்கள்

நம்முடைய நோட்டு மொய் நோட்டு. கல்யாண வாசலில் ஒருவர் உட்கார்ந்து பெயர், ஊர், தொகை எழுதுகிறார். பத்து வருடம் கழித்து நம் வீட்டு விசேஷத்தில் அதே தொகை, கொஞ்சம் கூட்டி, திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பேச்சு வரும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இதையே மொய் விருந்து என்று முதல் திரட்டும் ஏற்பாடாக ஆக்கிவிட்டார்கள். ஆக, தமிழ் உரிமையாளரிடம் செய்த உதவி தேதியோடும் தொகையோடும் நிற்கும். அவர் உங்களுக்குச் செய்ததும் அப்படியே நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். 2020-இல் கடை மூடிக்கிடந்தபோது இரண்டு மாத வாடகை விட்டுக்கொடுத்தவர் இன்று 6,500 கேட்கிறார் என்றால், அவர் நோட்டில் பாக்கி உங்கள் பெயரில் இருக்கிறது.

மலாய்க்காரர்களிடம் ‘ஹுத்தாங் புடி’, அதாவது நன்றிக்கடன், என்ற சொல் உண்டு. பொன் கடனை அடைத்துவிடலாம், புடிக் கடன் சாகும்வரை கூடவே வரும் என்கிறது அவர்களுடைய பழைய பந்தூன் பாட்டு. இதைத் தொகை போட்டு அடைக்கப் பார்த்தால் செய்தவருக்கே கௌரவக் குறைச்சல். சீனப் பெருநாளில் இரண்டு ஆரஞ்சு கொண்டுபோனால், கிளம்பும்போது இரண்டு ஆரஞ்சைக் கையில் திணித்து அனுப்புவார்கள். அன்றைய கணக்கு அன்றே நேராகிவிடுகிறது. அந்த ஆரஞ்சை நம்பி மறுவாரம் வாடகை குறையும் என்று போனவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். தவுக்கே, அதாவது சீன முதலாளி, மனதில் எழுதிவைப்பது வேறு: 36 மாதத்தில் எத்தனை மாதம் ஏழாம் தேதி தாண்டிப் பணம் வந்தது என்பது.

நான்காவது நோட்டு ஆளில்லாத நோட்டு. ஜார்ஜ் டவுனில் கொங்சிகள் எனும் சீனக் குலச் சங்கங்களுக்கும் மசூதி வக்புகளுக்கும் கோயில் அறக்கட்டளைகளுக்கும் கடைவீடுகள் உண்டு. முஸ்லிம், இந்து அறச்சொத்துகளைப் பார்த்துக்கொள்ள 1906-லேயே இங்கே சட்டம் போட்டு வாரியம் வைத்தார்கள். இந்துச் சொத்துகள் இன்று பினாங்கு இந்து அறப்பணி வாரியத்திடம் இருக்கின்றன. இத்தகைய இடங்களில் உங்களோடு பேசுபவருக்குக் கடன் நினைவிருந்தும் பயனில்லை, முடிவு குழுவுடையது. சொத்து நிர்வாக நிறுவனம் கையில் இருக்கும் கடையும் இதே ரகம்தான்; இரண்டு வருடத்தில் மேலாளர் மாறிவிடுவார், நீங்கள் செய்ததெல்லாம் அவரோடு போய்விடும்.

இதை இனத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மெல்போர்னில் கணக்கியல் படித்துவந்த தவுக்கே மகன் எக்செல் தாளைத் திறந்துகொண்டு பேசுவார். அவருடைய அப்பாவோடு உங்கள் அப்பா தே குடித்த கதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் வராது. முதல் ஐந்து நிமிடம் அவர் எதைப் பேசுகிறார் என்று கவனியுங்கள். உங்கள் அப்பா, கோயில், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று போனால் ஆள் நோட்டு. போன வருடம் மார்ச் வாடகை தாமதமானதை எடுத்தால் தேதி நோட்டு. ‘கமிட்டி’, ‘எச்கியூ’ (தலைமையகம்) என்றால் கோப்பு நோட்டு.

முதல் வழி: எண்ணை நாம் முதலில் வைப்பது

முதலில் வைத்த எண் பேச்சைத் தன் பக்கம் இழுக்கும். உளவியலாளர்கள் கேலின்ஸ்கியும் முஸ்வைலரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. இங்கே சிக்கல் என்னவென்றால் உரிமையாளர் ஏற்கனவே 6,500 என்று வைத்துவிட்டார். நம்மவர்கள் உடனே செய்யும் தவறு அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது: “6,500 ரொம்ப அதிகம், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க.” இப்படிச் சொன்னதும் பேச்சு 6,500-இலிருந்து எவ்வளவு கழிப்பது என்றாகிவிடும்.

அந்த எண்ணை வாயில் எடுக்காமல் உங்கள் எண்ணை ஆதாரத்தோடு வையுங்கள். ஆதாரம் என்பது அதே தெருவில், அதே அகலத்தில், சமீபத்தில் கையெழுத்தான மூன்று கடைகளின் வாடகை. மேல்மாடி சேர்ந்ததா, தரைத்தளம் மட்டுமா என்று பிரித்துக் கேளுங்கள். பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மூன்று கிடைக்கவில்லை என்றால் இந்த வழி வேண்டாம். ஆதாரமில்லாத எண்ணைத் தவுக்கே ஒரே கேள்வியில் சாய்த்துவிடுவார்.

கோப்பு நோட்டுக்காரர்களிடம் இதுதான் சிறந்த வழி, நேரில் அல்ல, எழுத்தில். குழு கூடும்போது நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை, உங்கள் கடிதம்தான் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். கேட்கும் தொகை, ஒப்பிட்ட மூன்று வாடகை, 36 மாதம் பணம் கட்டிய தேதிகள், நீங்கள் செய்த பழுதுபார்ப்பின் பட்டியல், அவ்வளவு போதும். மாதம் ஒருமுறைதான் கூடுவார்கள் என்றால் ஒரு கூட்டம் தவறினால் ஒரு மாதம் போச்சு.

தமிழ், மலாய் ஆள் நோட்டுக்காரரிடம் உட்கார்ந்ததும் எண்ணைச் சொல்வது முகத்தில் அடித்தது போலிருக்கும். முதல் சந்திப்பில் எண்ணே வராமல் போனாலும் நஷ்டமில்லை. “நந்தி கித்தா பிஞ்சாங்” (பிறகு பேசுவோம்) என்று மலாய் உரிமையாளரான துவான் ஹாஜி சொன்னால் அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. நாம் “பார்க்கலாம்ங்க” என்று சொல்கிறோமே, அதேதான். ஒரு வாரம் விட்டு மறுபடி போக வேண்டும்.

இரண்டாவது: பெரிதாகக் கேட்டு இறங்குவது

பேரம் என்றாலே இதுதானே என்று தோன்றும். வாடகைக்காரருக்கு இறங்குவது என்றால் கேட்ட குறைப்பை விட்டுக்கொடுப்பது, சொல்லும் எண் மேலே போகும். இது வேலை செய்வதன் காரணம் விலைக்கணக்கு அல்ல, கைம்மாறு. நான் ஒரு படி இறங்கினேன், நீ ஒரு படி இறங்காவிட்டால் நன்றாக இருக்காது என்ற உணர்வு. 1975-இல் உளவியலாளர் சியால்டினியின் குழு நடத்திய சோதனை பிரபலமானது. சீர்திருத்தப் பள்ளிப் பிள்ளைகளை விலங்குக் காட்சிசாலைக்கு ஒருநாள் அழைத்துப்போக முடியுமா என்று மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டபோது ஏறக்குறைய 17 சதவீதம் பேர் சரி என்றார்கள். முதலில் இரண்டு வருடம், வாரம் இரண்டு மணி நேரம் ஊழியம் செய்யக் கேட்டு, மறுத்ததும் காட்சிசாலைக்கு இறங்கியபோது 50 சதவீதம். அதைவிட நமக்கு முக்கியமான விஷயம் அந்த ஆய்விலேயே இருக்கிறது: பெரிய கோரிக்கையை ஒருவரும் சின்னதை வேறொருவரும் கேட்டபோது இந்தப் பலன் வரவில்லை. ஆகவே வக்கீலை விட்டு 4,500 கேட்கச் சொல்லிவிட்டு, பின்னால் நீங்கள் போய் 5,200 என்று இறங்கினால் அது இறக்கமாகவே பதியாது. ஏறிய வாய்தான் இறங்க வேண்டும்.

இறங்கும் படியின் அளவு முக்கியம். 4,950-இல் தொடங்குகிறீர்கள் என்றால் அடுத்தது 5,150, பிறகு 5,280, பிறகு 5,330. படிகள் 200, 130, 50 என்று சுருங்குவதைப் பாருங்கள்; வாயால் சொல்லாமலேயே ‘கடைசி நெருங்குகிறது’ என்கிறது. மாறாக 100, 100, 300 என்று போனால், காத்திருந்தால் இன்னும் வரும் என்று நீங்களே கற்றுக்கொடுத்தீர்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவே அவர் ஒரு படி வர வேண்டும். வராமல் இரண்டாம் முறையும் நீங்களே இறங்குவது பேரமில்லை.

எண்ணின் வடிவத்துக்கும் இங்கே காது உண்டு. சீன மொழிகளில் நான்கின் ஓசை சாவை ஒட்டியது. எட்டு செழிப்பைச் சேர்ந்தது. 5,400-க்குப் பதில் 5,380 என்று சொன்னால் 20 வெள்ளி மிச்சம், கேட்க நல்ல எண்ணாகவும் இருக்கும். மொய்யில் நாம் 501, 1,001 வைப்பது மாதிரிதான்.

சொத்து நிறுவனங்களிடம் இந்த ஆட்டம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவர்களுக்கு மேலிருந்து ஒரு கீழ்வரம்பு கொடுத்திருப்பார்கள். அதற்குக் கீழே கேட்டால் படி இறங்க மாட்டார்கள், பதிலே வராது.

மூன்றாவது: முதலில் கொடுத்துவிட்டுக் கேட்பது

மேலே சொன்ன நான்கு நோட்டுகளும் நிஜமாகச் சோதனைக்கு வருவது இங்கேதான். உளவியலாளர் டென்னிஸ் ரீகன் 1971-இல் செய்த சோதனையில், கூட இருந்தவர் வெளியே போய்வரும்போது கேட்காமலேயே ஒரு கோலா வாங்கிவந்து கொடுத்தார். பிறகு 25 சென்ட் லாட்டரிச் சீட்டு விற்றபோது, கோலா வாங்கியவர்கள் வாங்காதவர்களைப் போல் ஏறக்குறைய இருமடங்கு சீட்டு எடுத்தார்கள். கொடுத்தவரைப் பிடித்திருந்ததா இல்லையா என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. கடன் கடன்தான்.

இதைப் படித்துவிட்டுத் தீபாவளிக்கு முறுக்கு டின் கொண்டுபோய்க் கொடுத்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து வாடகைப் பேச்சை எடுப்பது மகா தப்பு. கொடுத்தது அந்த நொடியில் விலையாக மாறிவிடும்; பெறுபவர் பலகாரத்தைக்கூட விருப்பமில்லாமல் வாங்குவார். பண்டிகைப் பலகாரம் பண்டிகைக் கணக்கில் மட்டுமே ஏறும். வாடகைப் பேச்சுக்கும் அதற்கும் குறைந்தது மூன்று, நான்கு வாரம் இடைவெளி இருக்கட்டும்.

வாடகைக் கணக்கில் ஏறுவது கட்டடத்துக்குச் செய்ததுதான். பழைய கடைவீட்டில் இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் ஓடும் மழைநீர்த் தாரை அடைத்துக்கொண்டு, அக்டோபர் மழையில் பின்கட்டுச் சுவர் ஊறத் தொடங்குகிறது. சரிசெய்ய 2,800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று விதமாக இதைச் செய்யலாம். சொல்லாமல் நீங்களே செய்துகொள்வது: பணம் போனது, நோட்டில் ஒன்றும் ஏறவில்லை. செய்துவிட்டு மாத வாடகையில் கழித்துக்கொள்வது: சண்டை. மூன்றாவது விதம் இப்படி:

“அண்ணே, பின்னால தண்ணி இறங்குது. படம் அனுப்பிருக்கேன், ரெண்டு பேர்கிட்ட விலை கேட்டாச்சு. நீங்க சரின்னா இந்த வாரமே ஆள் விடுறேன். இந்தத் தடவை செலவு நான் பாத்துக்குறேன்.”

முன்னால் அனுமதி, செய்வதற்கு முன்னும் பின்னும் படம், முடிந்ததும் அவர் பெயரும் கடை முகவரியும் போட்ட ரசீது நகல். ஆறு மாதம் கழித்து வாடகைப் பேச்சு வரும்போது இதை நீங்கள் நினைவூட்டக்கூடத் தேவையில்லை; படம் அவர் கைப்பேசியில் இருக்கிறது. துவான் ஹாஜியிடம் நினைவூட்டவே கூடாது, செய்ததைச் சொல்லிக்காட்டினால் புடி அங்கேயே செத்துவிடும். தவுக்கேயிடம் ஒரு வரியில் சொல்லலாம். கொங்சிக்கு எழுதும் கடிதத்தில் ரசீது எண்ணோடு சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை. பாரம்பரிய வட்டாரத்தில் முகப்பையோ கூரை வடிவத்தையோ மாற்றும் வேலை என்றால் மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். நல்லது செய்யப்போய் உரிமையாளருக்குக் கடிதம் வரவழைத்த வாடகைக்காரராக ஆகிவிடுவீர்கள்.

வழக்கமாகவே நீங்கள் செய்ய வேண்டியதைச் சலுகையாக நீட்டினாலும் நோட்டில் ஏறாது. “முத்திரைக் கட்டணம் நானே கட்டுகிறேன்” என்பது அப்படி ஒன்று. அதை வழக்கமாக வாடகைக்காரர்தான் கட்டுகிறார். ஒரு வருடத்துக்கு மேல், மூன்று வருடத்துக்கு மிகாத ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 3 வெள்ளி. மாதம் 5,000 என்றால் ஆண்டுக்கு 60,000, அதாவது 240 பங்கு, 720 வெள்ளி. தொகையும் சிறிது, கௌரவமும் சிறிது.

கொங்சியிலோ நிறுவனத்திலோ கோப்பைக் கையாளும் ஊழியருக்கு உறை நீட்டுவதைக் கைம்மாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் தனியார் ஊழியருக்கும் பொருந்தும். 20 வருடம் வரை சிறை. அபராதம் கொடுத்த தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாது. உங்கள் கடை செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) என்றால், 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள 17ஏ பிரிவின்படி நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்.

நான்காவது: நடுவில் ஆள்

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விரலில் சொன்ன விலையைச் சுற்றி நிற்பவர் யாரும் கேட்கவில்லை, அதனால் பின்வாங்கினாலும் மானம் போகாது. நடு ஆளின் பயன் அந்தத் துண்டுதான். முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லத் தயங்கும் இருவருக்கு நடுவில் அவர் சொல்லலாம். வாடகை விஷயத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசுவது இதற்கு நேர் எதிர். அண்ணன் தம்பி நான்கு பேர் பார்க்க ஒரு எண்ணை எழுதியவர் அதிலிருந்து இறங்கவே மாட்டார்.

ஊர்ப் பெரியவரை வைத்தால் காசு செலவில்லை, ஆனால் மூன்றாவது ஒரு நோட்டு திறக்கிறது. 300 வெள்ளி குறைந்த நன்றி உரிமையாளருக்குப் போகாமல் பெரியவருக்குப் போகும், அடுத்த தைப்பூச நன்கொடை ரசீதில் அது தெரியும். பதிவுபெற்ற முகவர் என்றால் அவருடைய அட்டையில் பதிவு எண் (முகவர் நிறுவனத்தின் பேச்சாளர் என்றால் ‘ஆர்இஎன்’ எண்) இருக்க வேண்டும். கட்டணம் தோராயமாக ஒரு மாத வாடகை. பழைய கடையைப் புதுப்பிக்க இது அதிகம் என்பது எங்கள் எண்ணம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், அல்லது உங்களுக்குள் ஏற்கனவே மனக்கசப்பு இருந்தால் மட்டும் வையுங்கள்.

பேச்சு நின்றுபோனால்

5,300-க்கும் 5,800-க்கும் நடுவே இருவரும் நகராமல் நின்றால், எண்ணை விட்டுவிட்டு வடிவத்தை மாற்றிப் பாருங்கள். முதல் வருடம் 5,200, இரண்டாவது 5,500, மூன்றாவது 5,800. மொத்தம் 62,400, 66,000, 69,600, கூட்டினால் 1,98,000. மாதம் 5,500 என்று ஒரே சீராகக் கட்டினாலும் அதே 1,98,000தான். ஆனால் உரிமையாளர் தன் அண்ணன் தம்பிகளிடம் 5,800-க்குப் பேசி முடித்தேன் என்று சொல்லலாம். உங்களுக்கு முதல் வருடம் மூச்சு விட இடம் கிடைக்கிறது. தவுக்கேக்கும் குடும்பச் சொத்துக்காரருக்கும் இது பெரும்பாலும் பிடித்துப்போகும். இதில் உங்களுக்கான கண்ணி, அடுத்த தவணைப் பேச்சு 5,500-இலிருந்து அல்ல, 5,800-இலிருந்து தொடங்கும். முன்பணம் எந்த வருட வாடகைப்படி என்பதையும் எழுதுங்கள்: மூன்று மாதத்துக்கு 5,200 கணக்கில் 15,600, 5,800 கணக்கில் 17,400. 2025 ஜூலை முதல் வாடகைச் சேவைக்கும் சேவை வரி வந்திருப்பதால், உரிமையாளர் அந்த வரிக்கு உட்பட்டவரா, சொன்ன தொகை வரியோடா வரி நீங்கலாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

‘புதுப்பிக்கும் உரிமை உண்டு, வாடகை அப்போதைய சந்தை நிலவரப்படி’ என்ற வாசகம் பார்க்க ஆறுதலாக இருக்கும், சண்டை வந்தால் ஒன்றுக்கும் உதவாது. ‘முந்தைய வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மிகாமல்’ என்று ஓர் எண்ணாவது வேண்டும். ஒப்பந்தம் மூன்று வருடத்தைத் தாண்டினால் அது குத்தகையாகி நில அலுவலகத்தில் பதிய வேண்டிவரும். பெரும்பாலான கடைகள் மூன்றில் நிற்பது இதனால்தான்.

தேதியை மட்டும் கோட்டை விடாதீர்கள். 1956-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் முடிந்தும் காலிசெய்யாமல் இருப்பவரிடம் உரிமையாளர் விரும்பினால் இரட்டை வாடகை கேட்கலாம். பேச்சு நடந்துகொண்டிருக்கிறதே என்ற நினைப்பில் தேதியைத் தாண்டியவர் அந்த நிமிடமே கையிலிருந்த துருப்பை இழக்கிறார். ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள். முடிவுத் தேதி ஆகஸ்டு, செப்டம்பரில் வந்தால் இன்னும் முன்னால்: ஆடியில் நாம் கையெழுத்துப் போட மாட்டோம், அது முடிந்து ஆவணி பிறந்தால் ஆவிகளின் மாதமான சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும், அதில் அவர்களில் பலர் போட மாட்டார்கள். வாயளவில் முடிந்த அன்று இரவே தொகை, தொடங்கும் தேதி, முன்பணம் மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்பி ‘ஓகே’ வாங்கிவிடுங்கள். கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் முத்திரை குத்தியாக வேண்டும்.